இக்சாலஸ் முதல் ராவோர்கெஸ்டெஸ் வரை: மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கைப் புதர்த்தவளைகளின் வகைப்பாட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் வாழும் புதர்த்தவளைகள் கடந்த 170 ஆண்டுகளில் இக்சாலஸ், பிலாட்டஸ், சூடோபிலாட்டஸ், ராவோர்கெஸ்டெஸ் எனப் பல பேரினப் பெயர்களின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் பின்னால் வெவ்வேறு வகைச் சான்று நின்றது: முதலில் சாராயக் குப்பியில் பாதுகாக்கப்பட்ட உடல், பின்னர் இனப்பெருக்க முறை, இறுதியாக மரபணு. இக்கட்டுரை அந்த மாற்றங்களை வரலாற்று முறையில் தொகுத்து, இத்தவளைகளின் பரிணாமம் குறித்து இன்று நிறுவப்பட்டுள்ள கருத்துகளை விளக்குகிறது. அழிந்துபோன சிற்றினங்களின் பெயர்களை உயிருள்ள வேறு சிற்றினங்கள் நீண்ட காலம் சுமந்திருந்தமையால், அழிவு நிகழ்ந்ததே அறியப்படாமல் போயிற்று என்பதும், வகைப்பாடு என்பது பாதுகாப்புக்கு முந்தைய முதற்படி என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச் சொற்கள்: புதர்த்தவளை, வகைப்பாடு, வகைமாதிரி, நேரடி வளர்ச்சி, குவிபரிணாமம், மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, இன அழிவு

முன்னுரை

உயிரினங்களுக்குப் பெயரிடுதல் ஒரு பதிவு வேலை மட்டுமே என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஒரு தவளைக்கு எப்பெயர் சூட்டினாலும் அத்தவளை மாறப்போவதில்லை என்பது அந்த எண்ணத்தின் அடிப்படை. தவளை மாறுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், எந்தத் தவளை எங்கு இருக்கிறது, எது குறைந்து வருகிறது, எது இல்லாமலே போய்விட்டது என்ற வினாக்களுக்கான விடைகள் பெயரைப் பொறுத்தே அமைகின்றன. ஒரே பெயரின் கீழ் பத்துச் சிற்றினங்கள் அடக்கப்பட்டிருந்தால், அவற்றுள் ஒன்பது மறைந்தாலும் ஏட்டில் இழப்பு எதுவும் தெரியாது.

இக்கருத்துக்குத் தென்னாசியாவில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று புதர்த்தவளைகளின் வரலாறு ஆகும். ராக்கோபோரிடே என்னும் மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த இவை இன்று முதன்மையாக இரு பேரினங்களில் வைக்கப்படுகின்றன. இலங்கையில் மிகுதியாகவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் சிலவாகவும் காணப்படுவன சூடோபிலாட்டஸ் பேரினத்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிகுந்தும், வடகிழக்கு இந்தியா முதல் தென்சீனம், தென்கிழக்காசியா வரை ஓரளவு பரவியும் காணப்படுவன ராவோர்கெஸ்டெஸ் பேரினத்தவை. இவ்விரண்டிலும் தனித்தனியே 70க்கு மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவ்வெண்ணிக்கையின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டுக்குப் பின் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் இத்தவளைகள் எவ்வாறு பார்க்கப்பட்டன, ஏன் அவ்வளவு காலம் மறைந்திருந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதர்த்தவளைகளின் இயல்பு

புதர்த்தவளைகளுள் பெரும்பாலானவை 2 முதல் 4 செ.மீ. நீளமுள்ள சிறிய உயிரினங்கள். விரல் நுனிகள் வட்டத் தட்டுகளாக விரிந்திருப்பதால் இலையிலும் தண்டிலும் பற்றி ஏற வல்லவை. பகலில் இலைச்சருகுகளுக்கு இடையிலும் மரப்பொந்துகளிலும் ஒதுங்கியிருந்து, மழைக்கால இரவுகளில் புதர்களில் அமர்ந்து ஆண்கள் ஒலி எழுப்பும். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நிறமும் கோலமும் பெரிதும் வேறுபடும். மாறாக, வெவ்வேறு சிற்றினங்கள் ஒன்றையொன்று மிக நெருக்கமாக ஒத்திருப்பதும் உண்டு. உருவத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரிப்பது கடினமாக இருந்தமைக்கு இவ்விரு இயல்புகளும் சேர்ந்தே காரணமாயின.

இவற்றின் முதன்மையான சிறப்பு இனப்பெருக்க முறையாகும். பெரும்பாலான தவளைகளின் வாழ்வில் நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் ஒன்று உண்டு. புதர்த்தவளைகளுக்கு அது இல்லை. முட்டைக்குள்ளேயே கரு முழு வளர்ச்சியடைந்து, கால்களுடன் கூடிய சிறு தவளையாகவே வெளிவருகிறது. இதுவே நேரடி வளர்ச்சி எனப்படுகிறது. இலங்கைச் சிற்றினங்கள் பலவற்றில் பெண்தவளை ஈரமண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடுகிறது. சில சிற்றினங்கள் இலையின் அடிப்பரப்பில் முட்டையிடுகின்றன. குளமோ ஓடையோ தேவையில்லாததால் காட்டின் எந்தப் பகுதியும் இவற்றுக்கு வாழிடமாகலாம். ஆனால் ஓடற்ற அம்முட்டைகள் காயாமலிருக்கக் காற்றிலும் மண்ணிலும் எந்நேரமும் ஈரம் இருக்க வேண்டும். மரநிழல் அகன்றால் அந்த ஈரம் நிலைக்காது. இத்தவளைகளின் பெருக்கமும் அழிவும் இந்த ஒரு நிபந்தனையையே சார்ந்திருக்கின்றன.

காலனியகாலச் சேகரிப்பும் முதற்பெயர்களும்

இலங்கையில் பிறந்து இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட், அத்தீவின் விலங்குகளைப் பற்றி 1850களின் தொடக்கத்தில் எழுதினார். இன்று சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் எனப்படும், வெண்புள்ளிகள் கொண்ட தவளை 1853இல் அவரால் விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராக இருந்த தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், தீபகற்ப இந்தியாவின் ஊர்வன, தவளைகள் பற்றிய பட்டியலை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த தவளைகளுள் ஒன்றின் சிற்றினப் பெயரான 'டின்னியன்ஸ்' என்பதற்கு இலத்தீனில் 'மணிபோல் ஒலிப்பது' என்று பொருள். நேரில் கேட்ட ஒலியைப் பெயரில் பதித்த அம்முறை அதன்பின் நெடுங்காலம் தொடரப்படவில்லை.

பெயரிடும் இடம் விரைவில் காட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு மாறியது. ஆல்பர்ட் குந்தர் லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபடியே, தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சாராயத்தில் அமிழ்த்தி அனுப்பப்பட்ட உடல்களை ஆராய்ந்து 1858 முதல் 1876 வரை பல சிற்றினங்களை விவரித்தார். அவருக்கு மாதிரிகளை அனுப்பியவர்களுள் முதன்மையானவர், சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம். 1876இல் குந்தர் ஒரு சிற்றினத்துக்குப் பெடோமின் பெயரையே சூட்டினார். பின்னர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாங்கர், பிரித்தானிய இந்திய விலங்கியல் நூல்வரிசையில் 1890இல் வெளிவந்த தொகுதியில் இவற்றை ஒழுங்குபடுத்தினார். 1891இல் அவர் விவரித்த 'திருவாங்கூரிக்கஸ்' சிற்றினத்தின் மாதிரி, இன்றைய தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து சென்றதாகும்.

இக்காலத்தில் இத்தவளைகள் பலவும் இக்சாலஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டன. அப்பெயரை 1841இல் துமேரில், பிப்ரோன் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் தவளைகளுக்கு வழங்கியிருந்தனர். ஆனால் அதே பெயர் 1837இலேயே ஒரு பாலூட்டிக்கு வழங்கப்பட்டிருந்தது. ஒரு பேரினப் பெயர் விலங்குலகில் ஒருமுறையே பயன்படலாம் என்பது பெயரிடல் விதி. எனவே 1848இல் கிஸ்டல் என்பவர் அதற்கு மாற்றாகப் பிலாட்டஸ் என்ற பெயரை முன்வைத்தார். அப்பெயருக்குரிய அடிப்படைச் சிற்றினம் ஜாவாத் தீவைச் சேர்ந்தது. சாவகத் தவளைக்குரிய பெயர், உறவு ஆராயப்படாமலேயே, இந்திய, இலங்கைத் தவளைகளுக்கும் உரியதாயிற்று. பிற்காலச் சிக்கல்களுக்கு இதுவே தொடக்கம்.

இக்கட்டத்தின் குறைபாட்டை அதன் ஆய்வாளர்களின் திறமைக் குறைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. சாராயத்தில் நிறம் வெளுத்துவிடும், ஒலி அடங்கிவிடும், முட்டையிடும் முறை உடலில் பதிந்திருப்பதில்லை. 'சிலோன்', 'மலபார்' என்ற அளவிலேயே இடக்குறிப்புகள் இருந்தன. அடுத்தடுத்த இரு மலைகளில் வெவ்வேறு சிற்றினங்கள் வாழக்கூடும் என்பது அன்றைய எதிர்பார்ப்புகளுக்குள் இல்லை.

காடு மாறிய காலமும் தொகுத்தலின் காலமும்

இப்பெயர்கள் வழங்கப்பட்ட அதே ஆண்டுகளில் அவற்றுக்குரிய காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன. இலங்கையின் மத்திய மலைநாட்டில் 1830கள் முதல் காப்பித் தோட்டங்கள் விரிந்தன. 1869இல் காப்பி இலைத்துரு நோய் பதிவான பின்னர் அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரின் உழைப்பில் எழுந்த அத்தோட்டங்கள், நடுமலைப் பகுதியின் தொடர்ச்சியான ஈரக்காட்டைச் சிறு துண்டுகளாக்கின. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நீலகிரி, வயநாடு, ஆனைமலை, ஏலமலைப் பகுதிகளில் இத்தகைய மாற்றமே நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சி. ஆர். நாராயண ராவ் (1882–1960). பெங்களூர் மத்தியக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த இவர், 1932இல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியர். 1937இல் இவர் தென்னிந்தியாவிலிருந்து பல புதிய தவளை வடிவங்களை விவரித்தார். கல்லூரியில் வைக்கப்பட்டிருந்த அவற்றின் வகைமாதிரிகள் பின்னர் காணாமற்போயின. வகைமாதிரி என்பது ஒரு பெயர் எந்த உயிரினத்தைக் குறிக்கிறது என்பதற்கான கடைசிச் சான்று. அது இல்லாதபோது பெயர் மட்டும் எஞ்சி, அதன் பொருள் ஐயத்துக்குரியதாகிறது. கெலார்டின் ஸ்டெல்லாட்டஸுக்கும் இதே நிலை நேர்ந்தது.

1943இல் பெல்ஜிய அறிஞர் ரேமண்ட் லோரன் சூடோபிலாட்டஸ் என்ற பேரினத்தை நிறுவினார். 1864இல் குந்தர் விவரித்த 'டெம்போராலிஸ்' என்ற இலங்கைச் சிற்றினத்தை அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அப்பெயர் அன்று ஏற்கப்படவில்லை; ஏறத்தாழ 65 ஆண்டுகள் பிலாட்டஸ் என்பதன் மறுபெயராகவே கிடந்தது. 1946இல் இலங்கை விலங்கியலறிஞர் கீர்த்திசிங்ஹ, நிலத்தில் நேரடியாக வளரும் தவளை ஒன்று இலங்கையில் உள்ளதைக் கண்டு எழுதினார். வாழ்க்கைமுறை பற்றிய அறிவு இவ்வாறு வளர்ந்தபோதிலும், சிற்றினங்களின் எண்ணிக்கை குறித்த பார்வை எதிர்த்திசையில் சென்றது. நிறவேறுபாடு மிகுந்த இத்தவளைகளில் சிற்றினங்களைப் பிரிப்பதைவிட ஒன்றாகச் சேர்ப்பதே எச்சரிக்கையான முறை எனக் கருதப்பட்டது. 'வேரியபிலிஸ்', 'லூக்கோரைனஸ்' போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர்கள், மலைநாட்டிலும் சமவெளியிலும் தென்னிந்தியாவிலும் காணப்பட்ட பலவகைத் தவளைகளுக்குப் பொதுப்பெயர்களாயின.

ஒரு பண்பு, ஒரு பேரினம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பிலாட்டஸ் பேரினத்தை உறுதியான அடிப்படையில் வரையறுக்கும் முயற்சிகள் நடைபெற்றன. பிராங்கி போசுய்ட், அலாங் துபுவா ஆகியோர் 2001இல் வெளியிட்ட மீளாய்வு அவற்றுள் முதன்மையானது. மரத்தவளைக் குடும்பத்தில் சில பேரினங்கள் நீரில் முட்டையிடுகின்றன. சில நுரைக்கூடு கட்டுகின்றன. பிலாட்டஸ் எனப்படுவன நேரடி வளர்ச்சி கொண்டவை. எனவே உடலமைப்பின் சிறு வேறுபாடுகளைவிட இவ்வினப்பெருக்கப் பண்பே பேரினத்தின் அடையாளமாகக் கொள்ளத்தக்கது என்ற கருத்து வலுப்பெற்றது.

இக்கருத்து தருக்க முறையில் குறையுடையதன்று. தலைப்பிரட்டைப் பருவத்தை முற்றிலும் கைவிடுதல் ஓர் உயிரினத்தின் வளர்ச்சியில் மிகப் பெரிய மாற்றம். அத்தகைய மாற்றம் ஒரே குடும்பத்துக்குள் பலமுறை நிகழ்ந்திருக்கும் என்று கருதுவதைவிட, ஒருமுறை நிகழ்ந்து வழிவழியாக வந்தது என்று கருதுவதே எளிய விளக்கம். ஜாவா, போர்னியோத் தவளைகளும் இலங்கை, இந்தியத் தவளைகளும் ஒரே பேரினமாக நின்றமைக்கு இந்த எளிய விளக்கமே ஆதாரம். அது சரியானதா என்பதை உருவத்தாலோ நடத்தையாலோ தீர்க்க இயலாது. வேறொரு தனிச்சான்று தேவைப்பட்டது.

மரபணுச் சான்று

மரபணு வரிசைகளை ஒப்பிட்டு உறவுக் கிளைமரம் அமைக்கும் முறை, 2000 முதல் தென்னாசியத் தவளை ஆய்வில் பரவியது. அவ்வாண்டில் போசுய்ட், மிலின்கோவிச் ஆகியோர் மடகாஸ்கர் தவளைகளையும் ஆசியத் தவளைகளையும் ஒப்பிட்டு, இரு நிலப்பகுதிகளிலும் மரவாழ்வு, நிலத்தில் பதுங்கும் வாழ்வு முதலியவற்றுக்குரிய வடிவங்கள் தனித்தனியே தோன்றியதைக் காட்டினர். ஒத்த வாழ்க்கைமுறை ஒத்த வடிவத்தை உருவாக்குவதே குவிபரிணாமம். வடிவ ஒற்றுமை உறவைக் காட்டாமலும் இருக்கலாம் என்ற இந்த முடிவு, பிலாட்டஸ் பேரினத்துக்கும் பொருந்தக்கூடியதாக இருந்தது.

2002இல் மாதவ மீகஸ்கும்புரவும் உடனாய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இலங்கை பற்றிய பார்வையை மாற்றியது. தீவின் மழைக்காடுகளில் விரிவாகத் திரட்டிய மாதிரிகளை உருவம், ஒலி, மரபணு ஆகிய மூன்றாலும் ஆராய்ந்த அவர்கள், அச்சிறு தீவில் 100க்கும் மேற்பட்ட மரத்தவளைச் சிற்றினங்கள் இருப்பதாக அறிவித்தனர். 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெதியகொட ஆகியோர் 27 புதிய சிற்றினங்களை ஒரே கட்டுரையில் விவரித்தனர். அதே தொகுதியில் மேலும் 8 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. வீட்டுத்தோட்டங்களில்கூடக் காணப்படும் மிகப் பொதுவான சூடோபிலாட்டஸ் பாப்புலாரிஸ், தனக்கென ஒரு பெயரை 2005இல்தான் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சத்யபாமா தாஸ் பிஜுவும் போசுய்ட்டும் 2009இல் வெளியிட்ட மீளாய்வு 12 புதிய சிற்றினங்களைச் சேர்த்தது. 2014இல் எஸ். பி. விஜயகுமாரும் உடனாய்வாளர்களும் மலைத்தொடர் முழுவதும் முறையாகத் திரட்டிய சான்றுகளைக் கொண்டு மேலும் 9 சிற்றினங்களை விவரித்தனர்.

சிற்றின எண்ணிக்கை பெருகியதுடன் பேரின எல்லையும் உடைந்தது. தென்கிழக்காசியப் பிலாட்டஸ் தவளைகளும் இந்திய, இலங்கைத் தவளைகளும் கிளைமரத்தின் வெவ்வேறு கிளைகளில் அமைந்தன. இரண்டுக்கும் இடையில் நீரில் தலைப்பிரட்டை விடும் பேரினங்கள் இருந்தன. எனவே மரத்தவளைக் குடும்பத்தில் நேரடி வளர்ச்சி ஒருமுறையன்றி இருமுறை தனித்தனியே தோன்றியது என்பது தெளிவாயிற்று. எளிய விளக்கம் இங்கு உண்மையான விளக்கமாக அமையவில்லை.

இதன் விளைவாக 2009இல், லோரன் நிறுவிய சூடோபிலாட்டஸ் என்ற பழம்பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. 2010இல் பிஜுவும் உடனாய்வாளர்களும் இந்தியக் கிளைக்கு ராவோர்கெஸ்டெஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவினர். நாராயண ராவின் பெயரையும், மரத்தவளைகளுக்கு முன்பு வழங்கப்பட்ட ஆர்கெஸ்டெஸ் என்ற பழைய பேரினப் பெயரையும் இணைத்து அப்பெயர் உருவாக்கப்பட்டது. ராவ் முதல் ஆசிரியராக இருந்த 'கரண்ட் சயின்ஸ்' இதழிலேயே அக்கட்டுரை வெளிவந்தது. அதில் விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டெஸ் ரெஸ்பிளெண்டென்ஸ், 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடிச் சிகரப் பகுதியில் வாழும் செந்நிறத் தவளை. மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்தும் குட்டையான கால்களுடன் தரையில் வாழ்வது அது. வடிவத்தைக் கொண்டு உறவை ஊகிப்பதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு அத்தவளையே ஓர் எடுத்துக்காட்டு.

பரிணாமத்தின் நிலமும் காலமும்

மரத்தவளைக் குடும்பத்தின் மிக நெருங்கிய உறவு மடகாஸ்கரின் மான்டெல்லிடே குடும்பம். இந்திய நிலத்தட்டு மடகாஸ்கரிலிருந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவுடன் மோதியது. மரத்தவளைகளின் மூதாதையர் அந்நிலத்தட்டின் மேலிருந்து ஆசியாவுக்குப் பரவினர் என்பது ஒரு கருதுகோள். ஆசியாவில் பல்கிய பின்னர் இந்தியாவுக்குள் வந்தனர் என்பது மற்றொன்று. இவ்விவாதம் இன்னும் தொடர்கிறது. எவ்வாறாயினும், புதர்த்தவளைகளின் இரு கிளைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தது ஒலிகோசீன் காலத்தில், அதாவது 3.4 கோடி முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் என்று கணிக்கப்படுகிறது.

இந்தியாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற மூதாதை வழியிலிருந்து சூடோபிலாட்டஸ் கிளை அத்தீவில் பல்கியது. ஈரவலய மலைகளின் உயர வேறுபாடுகளும் அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளும் கூட்டங்களைப் பிரித்துவைத்தன. பின்னர் மயோசீன் காலத்தில் ஒரு கிளை இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று வாழும் சூடோபிலாட்டஸ் வயநாடென்சிஸ், அம்போலி, காணி ஆகியவை அத்திரும்பிய கிளையின் வழித்தோன்றல்கள்.

ஆழமற்ற பாக் நீரிணைப் பகுதி, பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் நிலப்பாலமாக இருந்தது. யானை முதலிய பெருவிலங்குகள் இருபுறமும் பொதுவாக உள்ளன. எனவே இலங்கை உயிரினங்களை இந்திய உயிரினங்களின் ஒரு பகுதியாகக் கருதும் போக்கு நீண்ட காலம் நிலவியது. 2004இல் போசுய்ட்டும் உடனாய்வாளர்களும் தவளை, மீன், நண்டு, பாம்பு முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, நிலப்பாலம் இருந்த காலத்திலும் பரிமாற்றம் மிகக் குறைவாகவே நிகழ்ந்தது என்று காட்டினர். வறண்ட சமவெளியான அந்நிலப்பாலம், ஈரக்காட்டை விட்டு அகல இயலாத உயிர்களுக்குக் கடலைப்போலவே தடையாக இருந்திருக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ளும் இத்தகைய தடைகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மலைத்தொடரை முறிக்கும் தாழ்நிலங்கள். ராவோர்கெஸ்டெஸ் கிளைகள் பலவற்றின் எல்லைகள் இக்கணவாய்களுடன் ஒத்துப்போகின்றன. விஜயகுமாரும் உடனாய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, கணவாய்களுடன் பழங்காலத் தட்பவெப்ப மாற்றங்களும் மலையின் உயர வேறுபாடுகளும் சேர்ந்தே இப்பெருக்கத்தை உருவாக்கின என்று விளக்கியது. நீர்நிலையைச் சாராத இனப்பெருக்கமும் இங்குத் துணைநின்றது. ஒரு சிகரத்தின் சோலைக்காட்டில் அடைபட்ட கூட்டம், ஓடையைத் தேடிக் கீழிறங்காமல் அங்கேயே வழிவழியாக வாழ முடிந்தது. அத்தனிமையே காலப்போக்கில் புதுச் சிற்றினமாயிற்று.

இவ்வினப்பெருக்க முறையும் ஒரேபடித்தாக நிற்கவில்லை. களக்காடு முண்டந்துறைப் பகுதியில் கே. எஸ். சேஷாத்ரியும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்த ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ், மூங்கிற் கணுக்களுக்கு இடைப்பட்ட உள்வெளியில் முட்டையிடுகிறது. மூங்கிற் சுவரில் உள்ள குறுகிய பிளவு வழியே தவளைகள் உள்ளே செல்கின்றன. முட்டைகளை ஆண்தவளை காவல் காக்கிறது. காவல் நீங்கினால் அதே சிற்றினத்தின் பிற ஆண்கள் அம்முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. குப்பியில் இருந்த உடலிலிருந்து இவற்றுள் எதையும் அறிந்திருக்க இயலாது.

பெயரும் அழிவும்

மனமேந்திர ஆரச்சியும் பெதியகொடவும் புதிய சிற்றினங்களை விவரிப்பதற்கு முன் செய்த பணி, வழக்கிலிருந்த பழைய பெயர்களின் வகைமாதிரிகளை அருங்காட்சியகங்களில் நேரில் ஒப்பிட்டதாகும். அவ்வொப்பீடு எதிர்பாராத முடிவைத் தந்தது. பரவலாகக் காணப்படுவன என்று பட்டியல்களில் இடம்பெற்றிருந்த 'வேரியபிலிஸ்', 'லூக்கோரைனஸ்' ஆகியவற்றின் வகைமாதிரிகள், இன்று உயிருள்ள எந்தக் கூட்டத்தோடும் பொருந்தவில்லை. அப்பெயர்களுக்குரிய உண்மையான தவளைகள் மறைந்துவிட்டிருந்தன. அவற்றின் பெயர்களை வேறு தவளைகள் சுமந்திருந்தன. பெயர் ஏட்டில் வழங்கிக்கொண்டிருந்ததால் இழப்பு எவர் கண்ணுக்கும் படவில்லை.

இவ்வாறு அழிந்துபோனவையாக அறிவிக்கப்பட்ட இலங்கைப் புதர்த்தவளைகள் பலவாகும். உலகில் அழிந்ததாகப் பதிவாகியுள்ள நீர்நில வாழ்வனவற்றுள் அவற்றின் பங்கு பெரிது. சூடோபிலாட்டஸ் பேரினத்துக்கே அடிப்படையான டெம்போராலிஸும் அப்பட்டியலில் உள்ளது. 70க்கு மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வரையறை தரும் தவளை, இன்று அருங்காட்சியக மாதிரியாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2007இல் மீகஸ்கும்புரவும் உடனாய்வாளர்களும் விவரித்த 'மாயா', 'பார்டஸ்' என்ற இரு சிற்றினங்களின் நிலை இன்னும் வியப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகத்தில் பெயரின்றிக் கிடந்த மாதிரிகளிலிருந்து அவை இனங்காணப்பட்டன. பெயர் சூட்டப்பட்ட நாளிலேயே அவை அழிந்தவையாக அறியப்பட்டிருந்தன.

இதற்கு மறுதலையான நிகழ்வுகளும் உண்டு. கெலார்டின் ஸ்டெல்லாட்டஸ் 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டில் மீண்டும் காணப்பட்டது. குந்தர் 1876இல் விவரித்த ஹைப்போமெலாஸும் அதே பகுதியில் மீண்டும் அறியப்பட்டது. போடிநாயக்கனூர் மாதிரியால் அறியப்பட்டு, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட திருவாங்கூரிக்கஸ், ஒரு நூற்றாண்டுக்குப் பின் வண்டிப்பெரியாறு பகுதியில் கண்டறியப்பட்டது. மூங்கிலில் முட்டையிடும் சலசோடெஸும் 1870களுக்குப் பின் மீண்டும் அறியப்பட்டது 2011இல்தான். இக்கண்டுபிடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் பழைய பெயரின் பொருள் முதலில் தெளிவாக்கப்பட்டிருக்க வேண்டியிருந்தது. எதைத் தேடுகிறோம் என்பது வரையறுக்கப்படாதபோது, அது கிடைத்ததா இல்லையா என்ற வினாவும் எழாது.

மரபணுச் சான்று மட்டுமே இப்பணியை முடித்துவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. சாராயத்திலும் வேதிக் கரைசல்களிலும் நெடுங்காலம் கிடந்த உடல்களிலிருந்து மரபணு பெறுவது அரிது. அழிந்த சிற்றினங்களை உயிருள்ளவற்றிலிருந்து பிரித்துக் காட்டியது, பெரும்பாலும் உடலளவுகளைப் பொறுமையுடன் ஒப்பிட்ட பழைய உருவவியல் முறையே. குந்தர், பூலாங்கர் காலத்துக் குப்பிகள் பாதுகாக்கப்படாதிருந்தால் இவ்வழிவுகள் அறியப்பட்டிருக்கவே முடியாது. பாதுகாக்கப்படாத மாதிரிகள் ஏற்படுத்திய இழப்பை நாராயண ராவின் தொகுப்பு காட்டுகிறது.

முடிவுரை

புதர்த்தவளைகளின் வகைப்பாட்டு வரலாற்றிலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம். முதலாவது, வகைப்பாட்டின் ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கிடைத்த சான்றின் எல்லைக்குள் நின்றது. உடலைப் பார்த்தவர்கள் இக்சாலஸ் என்றனர். இனப்பெருக்கத்தைப் பார்த்தவர்கள் பிலாட்டஸ் என்பதை வரையறுத்தனர். மரபணுவைப் பார்த்தவர்கள் அதை உடைத்தனர். புதிய சான்று பழையதை நீக்கிவிடவில்லை; லோரனின் பெயரும் குந்தரின் குப்பிகளும் மீண்டும் தேவைப்பட்டன.

இரண்டாவது, இத்தவளைகளின் பெருக்கத்துக்குத் துணைநின்ற பண்பே அவற்றின் அழிவுக்கும் வழிவகுத்தது. நீர்நிலையிலிருந்து விடுபட்டதால் ஒவ்வொரு மலைக்கும் ஒரு சிற்றினம் தோன்ற முடிந்தது. ஒரு மலைக்குள் அடங்கிய சிற்றினம், அம்மலையின் காடு வெட்டப்பட்டபோது செல்ல வேறிடமின்றி மறைந்தது.

மூன்றாவது, சிற்றினங்களைச் சேர்த்தெண்ணுதல் நடுநிலையான எச்சரிக்கையன்று. பரவலாக வாழும் ஒரு சிற்றினம் என்று எழுதப்பட்ட இடத்தில், உண்மையில் பல குறுகிய பரப்புச் சிற்றினங்கள் இருந்தன. அவற்றுள் சில இன்று இல்லை. காடு வெட்டப்பட்ட காலமும் பெயர்கள் சேர்க்கப்பட்ட காலமும் ஒன்றாக அமைந்ததால், இழப்பு நிகழ்ந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கணக்கில் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய புதர்த்தவளைகள் இன்றும் விவரிக்கப்பட்டு வருகின்றன. சோலைக்காட்டுத் துண்டுகளும் தேயிலைத் தோட்ட ஓரங்களும் எஞ்சியிருக்கும் காலத்திலேயே அவற்றை ஒலியாலும் உருவாலும் மரபணுவாலும் பிரித்தறிந்து, மாதிரிகளை முறையாகப் பாதுகாத்தல் வேண்டும். இலங்கையில் பெயருக்கு முன்னதாக அழிவு வந்தது. அவ்வரிசையை மாற்றுவதற்கான கால அளவு மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் முடிந்துவிடவில்லை.